ஒரு ரயில் தண்ணீரும் ஒரு வாஷரும்

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையிலிருந்து கிளம்பிய ரயில் ஒன்று சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து நின்றது. 50 வேகன்கள், வேகனுக்கு 50,000 லிட்டர் காவிரித் தண்ணீர். மொத்தம் 25 லட்சம் லிட்டர். அமைச்சர்கள் வந்து வரவேற்றார்கள். அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றியிருந்தன. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த குடிநீர் வாரியம் 52.5 கோடி லிட்டருக்கு இறங்கியிருந்தது. மதியச் சாப்பாட்டை நிறுத்திய ஓட்டல்கள் உண்டு. ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன ஐ.டி. நிறுவனங்களும் உண்டு. லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த வீடுகளுக்குக் கணக்கே இல்லை.

அந்த 25 லட்சம் லிட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை எழுதிப் பார்க்கலாம். குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ கால் மில்லி லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது 21.6 லிட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாவட்டத்தில் சுமார் 11.5 லட்சம் குடும்பங்கள் இருந்தன. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில், ஒரே ஒரு குழாய் இப்படிச் சொட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் இழப்பு 24.8 லட்சம் லிட்டர்.

கிட்டத்தட்ட ஒரு ரயில். தினமும்.

பத்துக்கு ஒன்று என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்தான். ஆனால், தன் தெருவில் பத்து வீட்டுக் குளியலறைகளை எட்டிப் பார்க்க வாய்த்தவர் யாரும் அதை அதிகம் என்று சொல்ல மாட்டார்.

சென்னைக்குக் கிருஷ்ணா நீர் ஆந்திராவிலிருந்து வருகிறது. வீராணம் நீர் கடலூர் மாவட்டத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து வருகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். இத்தனை தூரம் வந்து, சுத்திகரிக்கப்பட்டு, சம்ப்பில் விழுந்து, வீட்டுக்காரரின் மின்கட்டணத்தில் மோட்டார் ஓடி மொட்டை மாடித் தொட்டிக்கும் ஏறிவிட்ட தண்ணீர்தான் குளியலறைக் குழாயில் சொட்டிக்கொண்டிருக்கிறது. இதைவிட அதிகம் செலவான தண்ணீர் ஊரில் கிடையாது. இதைவிட மலிவாக மீட்கக்கூடிய தண்ணீரும் கிடையாது.

மீரா ரோட்டின் ஞாயிற்றுக்கிழமைகள்

இதைப் புரிந்துகொண்டு வேலையில் இறங்கியவர்களில் முக்கியமானவர் ஆபித் சுர்த்தி. 1935இல் பிறந்தவர். எழுத்தாளர், ஓவியர், கார்ட்டூனிஸ்ட். இந்திரஜால் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ‘பகதூர்’ என்ற நாயகனைத் தெரிந்திருக்கும். அவனைப் படைத்தவர் இவர்தான். மும்பை நடைபாதைவாசியாகக் கழிந்த சிறுவயதில், ஒரு வாளித் தண்ணீருக்காகத் தன் தாய் விடிகாலையில் வரிசையில் நின்றதைப் பார்த்தவர். பிற்காலத்தில் நண்பர் ஒருவரின் வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டபோது அவரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டார். இந்தச் சின்ன வேலைக்கெல்லாம் பிளம்பர் வர மாட்டேன் என்கிறார் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. குழாய்க்குள் தேய்ந்துபோகும் ரப்பர் வாஷரின் விலை சில ரூபாய். அதை மாற்ற வண்டி எடுத்து வந்து, மாடி ஏறி, அரை மணி நேரம் செலவிடும் பிளம்பருக்குக் கட்டுப்படியாகாது. அவர் கேட்கும் கூலி, சொட்டுக்குச் செலவழிக்க வீட்டுக்காரருக்கு மனம் வராத தொகை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் குழாய் சொட்டுகிறது.

2007இல் உத்தரப் பிரதேசத்தின் இந்தி இலக்கிய அமைப்பு ஒன்று கொடுத்த ஒரு லட்சம் ரூபாய் பரிசுப் பணத்தை வைத்து ‘டிராப் டெட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார் சுர்த்தி. மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைத் தேர்ந்தெடுப்பார். முன்கூட்டியே துண்டறிக்கையும் லிப்டில் சுவரொட்டியும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிளம்பரையும் ஒரு பெண் தொண்டரையும் கூட்டிக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவார். சொட்டும் குழாய் இருந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். பெண் ஒருவர் கூட வந்தால் பெண்கள் தயங்காமல் கதவைத் திறப்பார்கள் என்பதுகூட யோசித்துச் செய்த ஏற்பாடு. முதல் ஆண்டிலேயே 1,666 வீடுகள் ஏறி இறங்கினார்கள். 414 குழாய்களைச் சரிசெய்தார்கள்.

அதாவது, நான்கு வீட்டுக்கு ஒரு குழாய்.

பிளம்பருக்கும் இது கட்டுப்படியாயிற்று. ஒரே கட்டடத்தில் வரிசையாக இருபது வீட்டு வேலை கிடைத்தால் போக்குவரத்துச் செலவு மிச்சம், நேரமும் மிச்சம். இலவசம் என்பதைவிட இந்த ஏற்பாட்டைத்தான் நம் ஊர் அடுக்ககச் சங்கங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு பிளம்பர், ஒரு டப்பா நிறைய வாஷரும் டெஃப்லான் டேப்பும், எல்லா வீடும். கூலியைப் பராமரிப்புக் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம். கோடையில் வாங்கும் ஒரு 12,000 லிட்டர் லாரியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதற்கு எந்தப் பொருளாளரும் மறுப்புச் சொல்ல முடியாது.

மீட்டர் இல்லாத வீடுகள்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில், அங்கே ஒரு சராசரி வீட்டில் கசிவால் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 38,000 லிட்டர் வீணாகிறது. பத்தில் ஒரு வீட்டில் இந்த இழப்பு நாளுக்கு 340 லிட்டருக்குக் குறையாது. நம் நாட்டு நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். இரண்டரை ஆளுக்கான தண்ணீர் அந்த வீடுகளில் யாரும் தொடாமலே போய்விடுகிறது.

அங்கே இதைக் கணக்கிட முடிந்ததற்குக் காரணம், வீட்டுக்கு வீடு மீட்டர் இருப்பது. சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது; எவ்வளவு பிடித்தாலும் ஒரே கட்டணம். போர் தண்ணீருக்கு அந்தக் கட்டணமும் இல்லை. அடுக்ககத்தில் லாரித் தண்ணீர்ச் செலவைச் சதுர அடி கணக்கில் பிரித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது மாடியில் இரவு பகலாக ஒழுகும் ஃபிளஷ் டேங்குக்கு முதல் மாடிக்காரரும் பணம் கட்டுகிறார், தெரியாமலே. வாடகை வீடு என்றால் சொல்லவே வேண்டாம். ஓனர் செய்யட்டும் என்று குடியிருப்பவர் நினைப்பார். புழங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓனர் நினைப்பார்.

மீட்டர் இல்லாவிட்டாலும் கசிவைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியே மீட்டர்.

இரவு எல்லோரும் படுக்கப்போகும் நேரத்தில், தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டு ஒரு நீளக் குச்சியைத் தொட்டியின் அடிவரை செங்குத்தாக விட்டு, நனைந்த இடத்தில் கோடு போட வேண்டும். விடிகாலையில், யாரும் குழாயைத் திறப்பதற்கு முன், மறுபடி அதே குச்சி. இடையில் யாராவது கழிவறைக்குப் போனால் அந்தச் சோதனை செல்லாது. அடுத்த இரவு பார்த்துக்கொள்ளலாம். 1,000 லிட்டர் உருளைத் தொட்டியில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 10 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். ஏழு மணி நேரத்தில் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், ஒரு நாளைக்கு நூறு லிட்டர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க மாடியிலேயே வழி உண்டு. பெரும்பாலான வீடுகளில் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என்று தனித்தனிக் குழாய் இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட் வால்வ் இருக்கும். ஒரு இரவு ஒரு வால்வை மூடிவிட்டுச் சோதித்தால் எந்த வழியை அடைத்தபோது மட்டம் இறங்காமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பல ஆண்டுகளாகத் திருப்பாத வால்வ் இறுகிப்போயிருக்கும். பலம்கொண்ட மட்டும் திருகி உடைத்துக்கொள்ளாமல், கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து மெதுவாகத் திருப்ப வேண்டும். எல்லா வால்வையும் மூடியும் மட்டம் இறங்கினால் சந்தேகம் தொட்டியின் மீதோ வால்வுகளின் மீதோதான்.

சம்ப்புக்கும் இதே சோதனைதான். நீளம், அகலத்தை மீட்டரில் பெருக்கி, ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லிட்டர் வீதம் கணக்கிட்டால் போதும். இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது 30 லிட்டர். சம்ப்பில் விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே போவது மட்டும் கவலை இல்லை. மழைக்காலத்தில் மண்ணுக்குள் நீர் ஏறும்போது, பக்கத்துக் கழிவுநீர்க் குழாயின் கசிவும் அதே விரிசல் வழியாக உள்ளே வரும்.

சத்தமில்லாத குற்றவாளி

சொட்டும் குழாய் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். ஃபிளஷ் டேங்க் ஒழுகினால் தெரியாது. தண்ணீர் கழிவறைக் கோப்பையின் சுவரை ஒட்டி மெல்லிய படலமாக இறங்கிப்போகும். டேங்கில் குறைந்ததை உள்வரும் வால்வ் உடனுக்குடன் நிரப்பிவிடும். குறை இருப்பதற்கான அடையாளமே இல்லாமல் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் போகலாம். வீட்டுக் கசிவுகளில் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

சோதனை எளிது. துணிக்குப் போடும் சொட்டு நீலம் எல்லா வீட்டிலும் இருக்கும். டேங்க் மூடியைத் திறந்து அதில் பத்துச் சொட்டு விட்டு, ஃபிளஷ் செய்யாமல் இருபது நிமிடம் விட்டுவிட வேண்டும். கோப்பைக்குள் நீல நிறம் எட்டிப் பார்த்தால் கசிகிறது. சுவருக்குள் புதைத்த டேங்காக இருந்து திறக்க முடியாவிட்டால், கோப்பையின் பின்பக்க உட்சுவரைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு ஒரு காய்ந்த காகிதத் துண்டை ஒட்டி வைக்கலாம். அரை மணியில் அது நனைந்திருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

கசிவது உறுதியானால், எது கெட்டிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. டேங்குக்குள் இரண்டு வால்வுகள். ஒன்று தண்ணீரை உள்ளே விடுவது. மிதவை மேலே வந்ததும் அது மூடிக்கொள்ள வேண்டும். மற்றொன்று அடியில் இருப்பது. பொத்தானை அழுத்தும்போது மட்டும் திறந்து, பிறகு ரப்பர் வளையத்தின் மேல் படிந்து மூடிக்கொள்ள வேண்டும். டேங்கின் உட்சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை மூடி அரை மணி காத்திருந்தால் விடை கிடைக்கும். மட்டம் குறிக்குக் கீழே இறங்கினால் அடி ரப்பர் போய்விட்டது. மட்டம் அப்படியே நின்று, ஆங்கிள் காக்கைத் திறந்ததும் நடுவில் உள்ள வழிகுழாயின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் மேல் வால்வ் மூடவில்லை. மிதவையைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தாலே சில நேரம் இது சரியாகிவிடும்.

அடி ரப்பரை வெளியே எடுத்துப் பார்த்தால், வழவழப்பாக இருக்க வேண்டிய வளையத்தில் வெள்ளை உப்பு சொரசொரவென்று படிந்திருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் இது வெகு சீக்கிரம் நடக்கும். வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் சில மாதம் ஓடும். ரப்பர் விறைத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கழற்றிய பழைய ரப்பரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவது நல்லது. கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். வாயால் விவரித்து வாங்கியது அநேகமாகப் பொருந்தாது.

குழாயைத் திறந்தால்

பழைய பித்தளைக் குழாயின் உள்ளே நடப்பது மிக எளிய வேலை. கைப்பிடியைத் திருகினால் ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அதன் நுனியில் உள்ள ரப்பர் வாஷர், தண்ணீர் வரும் துளையின் விளிம்பில் உட்கார்ந்து வழியை அடைக்கிறது. அந்த விளிம்பைத்தான் பிளம்பர்கள் சீட்டிங் என்பார்கள்.

சரிசெய்வதற்கு முன் மாடியில் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கைப்பிடிக்குக் கீழே உள்ள அறுகோணத் தலையை ஸ்பேனரால் கழற்றினால் தண்டு கையோடு வந்துவிடும். நுனி வாஷரைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஒரு வட்டப் பள்ளம் இருக்கும். சீட்டிங் ஆண்டுக்கணக்கில் கடித்துக் கடித்து ஏற்படுத்திய பள்ளம். ஓரத்தில் ஒரு கீறல், அதில் ஒரு மணல் துகள். சொட்டு வந்தது அந்த வழியாகத்தான். சொட்டுகிறதே என்று வீட்டில் எல்லோரும் இன்னும் இறுக்கி இறுக்கி மூடியிருப்பார்கள்; பள்ளம் இன்னும் ஆழமாகியிருக்கும். அரை அங்குல வாஷர் ஒன்று புதிதாகப் போட்டு மூடினால் கால் மணி நேர வேலை.

புது வாஷர் போட்டும் ஒரு வாரத்தில் மறுபடி சொட்டினால் சீட்டிங்கில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். குண்டும் குழியுமாக இருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் பயனில்லை. சீட்டிங்கைச் சீவிச் சமப்படுத்தும் கருவி சில பிளம்பர்களிடம் இருக்கும். இல்லாவிட்டால் குழாயையே மாற்றிவிடலாம். மூடியிருக்கும்போது சொட்டாமல், திறந்திருக்கும்போது கைப்பிடி அடியில் கசிந்தால் அது வேறு குறை. தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு நூல் தேய்ந்திருக்கும்.

கால் வட்டம் திருப்பினால் திறக்கும் புதுக் குழாய்களில் வாஷர் கிடையாது. இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி வழியை அடைக்கின்றன. பல ஆண்டு உழைக்கக் கூடியவை. ஆனால், சம்ப்பு கழுவிய மறுநாள் கலங்கலாக வரும் தண்ணீரில் ஒரு மணல் துகள் இடையில் புகுந்தால் வில்லையில் கோடு விழுந்துவிடும். அப்போது கார்ட்ரிட்ஜ் என்ற அந்த உள்பகுதியை முழுசாக மாற்ற வேண்டும். அதைத் தட்டிச் சரிசெய்ய முடியாது.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதிலும் கவனம் வேண்டும். குழாயை எந்தத் திசையில் திருகிப் பொருத்துகிறோமோ, அந்தத் திருகலில் டேப் இன்னும் இறுகும்படி சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் பொருத்தும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் மரையை ஸ்பேனர் போட்டு ஓங்கி இறுக்கினால் மயிரிழை விரிசல் விழும். அது அன்றைக்குத் தெரியாது. சில வாரம் கழித்துச் சுவரில் ஈரமாகத் தெரியும்.

உயரமான கட்டடங்களில் கீழ்த்தள வீடுகளுக்கு இன்னொரு தொல்லை. தொட்டிக்கும் குழாய்க்கும் பத்து மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் ஒரு பார் அழுத்தம். பத்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அது மூன்று பாரைத் தொடும். மேல்மாடியில் சொட்டும் அதே ஓட்டை கீழே நூலாக ஒழுகும். ஹெல்த் ஃபாசெட்டின் டியூப் வெடிப்பதும் பெரும்பாலும் கீழ் மாடிகளில்தான். அழுத்தம் குறைக்கும் வால்வ் ஒன்றை இடையில் பொருத்துவதற்குக் கட்டடம் முழுவதும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதைக் கசிவு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால், நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றும் மோட்டார் பத்து நிமிடம் கூடுதலாக ஓடினால் போவது 300 லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் அந்த அளவை எட்ட இரண்டு வாரம் ஆகும். தொட்டி நிறைந்ததும் தானே நிறுத்தும் சென்சார் இன்று சாதாரண எலெக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கிறது.

சுவருக்குள்ளே

கசிவுகளிலேயே கடினமானது சுவருக்குள் புதைத்த குழாயின் கசிவு. பெயின்ட் உப்பிக் கொப்புளம் விடுவது, டைல்ஸ் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூப்பது, கீழ்வீட்டுக் கூரையில் பழுப்பு வட்டம் விழுவது, இவையெல்லாம் தாமதமாக வரும் அறிகுறிகள். பழைய ஜி.ஐ. குழாய்கள் உப்புத் தண்ணீரில் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் மற்ற இடங்களும் அதே வயதுதான். ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதைவிட, அந்த வழியைத் துண்டித்துவிட்டுச் சுவருக்கு வெளியே புதுக் குழாய் இழுப்பது பல வீடுகளில் புத்திசாலித்தனமான முடிவு. பார்வைக்கு அவ்வளவு அழகாக இருக்காதுதான். அடுத்த கசிவு கண்ணுக்குத் தெரியுமே.

தெருவிலிருந்து சம்ப்புக்கு வரும் இணைப்பில் கசிவு இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. தண்ணீர் சில மணி நேரம் மட்டும் வரும் ஊர்களில், மற்ற நேரமெல்லாம் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. அப்போது வெளியே தேங்கிய சாக்கடை அந்த ஓட்டை வழியாக உள்ளே புகும். போதாக்குறைக்குக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் அது இன்னும் வேகமாக நடக்கும். விடிகாலையில் முதலில் வரும் தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். கேட்டுக்கு வெளியே உள்ள கசிவு என்றால் குடிநீர் வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டும். தெருவில் பலருக்கும் அதே பிரச்சினை இருந்தால் சேர்ந்து கொடுப்பது நல்லது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இத்தனை தேடலும் தேவைப்படாமல் செய்ய ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. அது டைல்ஸ் ஒட்டுவதற்கு முந்தைய சில நாட்கள். எல்லா முனைகளையும் அடைத்து, குழாய்க்குள் தண்ணீரை நிரப்பி, கைப் பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, அதன் அழுத்தமானி முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லி மேஸ்திரியிடம் வற்புறுத்த வேண்டும். வேலை தாமதமாகிறது என்பார், விட்டுக்கொடுக்கக் கூடாது. முள் நின்ற பிறகு, சுவர் பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரிலும் குழாய் போகும் பாதையை அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மூலையிலிருந்து எத்தனை அடியில் எல்போ இருக்கிறது, எங்கே வளைகிறது என்று அந்தப் படத்தில் தெரிய வேண்டும். பத்து ஆண்டு கழித்து ஈரம் தெரியும்போது, முழுச் சுவரையும் உடைக்காமல் ஒரே ஒரு டைலை மட்டும் எடுத்துப் பார்க்க அந்தப் படம் உதவும்.